மூழ்கிய ஊர்களின் மேல் மஸ்கி தேடல்: செயின்ட் லாரன்ஸ் ஏரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

கனடா–அமெரிக்க எல்லையில் ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் மேற்கே கைகாட்டுவார்கள். கிங்ஸ்டனுக்குக் கீழே தொடங்கும் ஆயிரம் தீவுகள், அமெரிக்கக் கரையில் கிளேட்டன், கனடாக் கரையில் கனனாக்வே என்று பட்டியல் நீளும். மிச்சமிருக்கும் ஒருவர் கார்ன்வாலுக்குக் கிழக்கே உள்ள செயின்ட் ஃபிரான்சிஸ் ஏரியைச் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவே, இரோக்வா அணையிலிருந்து மோசஸ்–சாண்டர்ஸ் அணை வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் நீரை மஸ்கிக்காக யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதற்கு செயின்ட் லாரன்ஸ் ஏரி என்று பெயர். பெயரில்தான் ஏரி, அணை தடுத்துத் தேக்கிய ஆறுதான் அது. பாஸ், வால்ஐ, பைக் போன்ற மீன்களைப் பிடிக்க நிறையப் பேர் வருகிறார்கள். மஸ்கி அவர்களுக்கு எப்போதாவது தற்செயலாக மாட்டும் மீன்.

தற்செயலாக மாட்டுகிற மீனுக்கும் இருப்பிடம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை வரைபடத்திலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் முன்கூட்டியே கணித்துவிட முடியுமா, அந்தக் கணிப்பு வேறொரு துண்டு நீரிலும் நிற்குமா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பல பருவங்களாக ஒன்டாரியோக் கரையோரம் மாரிஸ்பர்க்கிலிருந்து லாங் சூ வரை படகில் அலைந்து பார்த்ததன் விவரம் இது. கார்ன்வாலில் வசிக்கும் ஓர் அண்ணன் உடன் வந்தார். யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்து வளர்ந்தவர், கடல் நீரைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. இந்த ஆய்வில் நான் வரைபடம் பார்த்தேன் என்றால், அவர் தண்ணீர் பார்த்தார்.

கூட்டம் ஏன் மேற்கே போகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1957இல் ஆர்தர் லாட்டன் என்பவர் இந்த ஆற்றில் 69 பவுண்டு 15 அவுன்ஸ் எடையுள்ள மஸ்கியைப் பிடித்ததாகப் பதிவானது. நீண்ட காலம் அதுவே உலக சாதனையாகக் கொண்டாடப்பட்டது. பழைய புகைப்படங்களை அலசிய பிறகு 1992இல் அந்தச் சாதனை நீக்கப்பட்டது. இன்று சர்வதேசப் பட்டியலில் நிற்பது 1949இல் விஸ்கான்சினில் கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீன். சாதனை போய்விட்டது, மேல் ஆற்றின் புகழ் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அங்கே உண்மையிலேயே பெரிய மீன்கள் இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே முனையைச் சுற்றிப் பல படகுகள் நாள் முழுவதும் வீசிக்கொண்டிருக்கும்போது அந்த மீன்கள் படும் தொல்லையும் சிறிதல்ல.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிலம்

இந்த ஏரிக்கு வயது குறைவு. 1958 ஜூலை 1ஆம் தேதி காலை முப்பது டன் வெடிமருந்து வைத்துத் தற்காலிகத் தடுப்பணையைத் தகர்த்தார்கள். அடுத்த சில நாள்களில் ஆறு ஏறி வந்து ஊர்களை மூடியது. ஆல்ட்ஸ்வில், ஃபாரன்ஸ் பாயின்ட், டிக்கின்சன்ஸ் லாண்டிங், வேல்ஸ், மூலினெட், மீல் ரோஷ் உள்ளிட்ட ஊர்கள் மறைந்தன. ஏறத்தாழ 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அடித்தளத்திலிருந்து தூக்கி, புதிதாக அமைத்த இங்கிள்சைடு, லாங் சூ போன்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். நீர்மின்சாரத்துக்காகவும், 1959இல் திறந்த கப்பல் வழிக்காகவும் கொடுத்த விலை அது. அந்த ஊர்களில் சிறுவயதைக் கழித்தவர்கள் சிலர் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். படகுத்துறையில் சந்தித்த பெரியவர் ஒருவர், தன் பள்ளிக்கூடம் இருந்த திசையை விரல் நீட்டிக் காட்டினார். அங்கே திறந்த நீர் மட்டுமே தெரிந்தது. மீன்பிடிக்கும் ஆசையில் இதையெல்லாம் வெறும் ‘அடித்தள அமைப்பு’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓர் ஓடை இருந்திருக்கிறது. பாலத்தில் நின்று சக்கர் மீன் பிடிப்பார்களாம். இந்த ஒரு தகவல் எந்தக் கடல்சார் வரைபடத்திலும் இல்லை. ஆய்வின் திசையையே அது தீர்மானித்தது.

வழக்கமான ஓர் ஆற்றில் அடித்தளத்தை ஆறே வடித்திருக்கும். இங்கே பழைய சாலைகள், ரயில்பாதை மேடு, கால்வாய்க் கரைகள், வயல்களின் நடுவே ஓடிய சிற்றோடைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. லாங் சூ பார்க்வே என்ற சாலை இன்று இணைக்கும் பதினொரு தீவுகளும் அன்றைக்குக் குன்றுகளின் உச்சிகள். எனவே 1958க்கு முந்தைய நிலவரைபடத்தை இன்றைய நீர்வழி வரைபடத்தின் மேல் ஒரே அளவில் வைத்துப் பார்த்தோம். பழைய ஓடைகளை நீல மையிலும் சாலைகளைச் சிவப்பிலும் வரைந்துகொண்டோம். கோடை முடிவில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் நீர்த்தாவரங்கள் கரும்பச்சையாகத் தெரியும். அவற்றின் வெளி விளிம்பையும் சேர்த்துக் குறித்தோம். 1980களின் இறுதியில் நீரை வடிகட்டி உண்ணும் வரிக்குதிரைச் சிப்பி பேரேரிகளுக்குள் வந்த பிறகு இந்த ஆற்று நீர் மிகவும் தெளிந்துவிட்டது. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்குவதால் தாவரங்களும் முன்பைவிட ஆழமாக வளர்கின்றன. பழைய ஆட்கள் சொல்லும் ‘பாசி விளிம்பு’ இன்று வெளியே தள்ளி இருக்கிறது. அவர்கள் அடையாளம் வைத்த இடங்களில் பல, இன்று தாவரக் காட்டின் நடுவே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

மீனைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை

மஸ்கி மிகக் குறைந்த எண்ணிக்கையில் வாழும் மீன். நல்ல நீரில்கூட ஏக்கருக்கு ஒரு வளர்ந்த மீன் இருப்பது அரிது. முப்பது ஆண்டுகள் வரை வாழும். பெண் மீன்தான் பெரிதாக வளரும். மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் தாவரம் நிறைந்த ஆழம் குறைந்த குடாக்களில் முட்டையிடும். முட்டைகளைப் பரப்பிவிட்டுப் போய்விடும், காவல் காப்பதில்லை. பிறந்த குடாவுக்கே, அல்லது முன்பு முட்டையிட்ட குடாவுக்கே ஆண்டுதோறும் திரும்பும் பழக்கம் வலுவாக இருக்கிறது. ஆயிரம் தீவுகளில் ரேடியோக் கருவி பொருத்திய மீன்களில் பல, முட்டையிட்ட பின் மேலேறி ஒன்டாரியோ ஏரிக்குப் போய்விடுவது பதிவாகியிருக்கிறது. ஆக, மே மாதம் மீன் இருந்த இடத்தில் ஆகஸ்டில் தேடுவது வீண்.

எங்கள் நீரிலோ கீழே மோசஸ்–சாண்டர்ஸ் அணை வழியை அடைத்திருக்கிறது. மேலே உள்ள இரோக்வா அணையின் கதவுகள் பெரும்பாலான நாள்களில் உயர்த்தியே இருக்கும். குடாக்களில் முட்டையிட்ட மீன்களில் ஒரு பகுதியாவது கோடையையும் இலையுதிர் காலத்தையும் இந்த நாற்பது கிலோமீட்டருக்குள்ளேயே கழிக்கும் என்ற ஊகத்தில் தொடங்கினோம். முட்டையிடும் குடாவுக்கும் ஆழமான ஆற்றுவழிக்கும் இடையே அவை நின்று இரை தேடும் படிகள் எவை என்பதே தேட வேண்டியது.

இன்னொரு வடிகட்டலும் தேவைப்பட்டது. இந்த ஏரியில் மஸ்கியின் உறவான பைக் மீன் ஏராளம், நீண்ட பைக்கை மஸ்கி என்று சொல்லிவிடுகிறவர்களும் ஏராளம். தகவல் தந்த ஒவ்வொருவரிடமும் படம் இருக்கிறதா என்று கேட்டோம். பைக்கின் கருத்த உடலில் வெளிர்ப் புள்ளிகள் இருக்கும், மஸ்கியின் வெளிர் உடலில் கருத்த பட்டைகளோ புள்ளிகளோ இருக்கும். பைக்கின் வால் நுனி உருண்டிருக்கும், மஸ்கியுடையது கூராக இருக்கும். கையில் மீன் இருந்தால் ஐயமே வேண்டாம்: கீழ்த்தாடையின் அடியில் ஒவ்வொரு பக்கமும் உள்ள நுண்துளைகளை எண்ணினால் மஸ்கிக்கு ஆறு முதல் ஒன்பது, பைக்குக்கு ஐந்து அல்லது குறைவு. இப்படிச் சலித்தபோது எங்களிடம் வந்த ‘மஸ்கி’ தகவல்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிஞ்சியவை கொஞ்சம்தான். ஆனால் அவை அனைத்தும் திறந்த ஆற்றின் ஓட்டம் வந்து தொடும் ஓரங்களிலிருந்து வந்தவை. குடாக்களின் உள்மூலையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

தண்ணீர் கூடினால் ஏரி இறங்கும்

இந்த ஏரியின் மிக விசித்திரமான குணம் இது. தெரியாமல் போனால் ஒரு பருவமே வீணாகிவிடும்.

மற்ற நீர்நிலைகளில் ஓட்டம் பெருகினால் மட்டம் ஏறும். இங்கே அணையிலிருந்து வெளியேற்றும் அளவைக் கூட்டினால், அணைக்கு மேலே உள்ள இந்த ஏரியின் மட்டம் இறங்குகிறது. ஒன்டாரியோ ஏரியிலிருந்து வந்து சேர்வதைவிட வேகமாக அணை உறிஞ்சுவதே காரணம். வெளியேற்றம் வழக்கமாக வினாடிக்கு 7,000 கன மீட்டரை ஒட்டி இருக்கும். 2017, 2019 வெள்ளப் பருவங்களில் அது 10,400 வரை போனது. அப்போது மான்ட்ரியால் பக்கம் வெள்ளத்துக்கு அஞ்சிக்கொண்டிருந்தார்கள், இங்கே படகுத்துறைகள் சேற்றில் நின்றன. 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ‘திட்டம் 2014’ என்ற விதிமுறைப்படி இரு நாட்டு வாரியம் இந்த வெளியேற்றத்தை முடிவு செய்கிறது. அளவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியாகின்றன.

படகை இறக்குவதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது எங்கள் வழக்கமானது. முந்தைய சில நாள்களில் வெளியேற்றம் ஏறியிருந்தால், ஆழம் குறைந்த குடாக்களிலிருந்து நீர் வெளியே வடிந்துகொண்டிருக்கும். சிறு மீன்கள் அதோடு வாயிலுக்கு வரும். மஸ்கி தென்பட்டதெல்லாம் அப்போது வெளி விளிம்பில்தான். வெளியேற்றம் சீராக இருந்த நாள்களில் மீன்கள் தாவரத்துக்குள் பரவிக் கிடந்தன, கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. நிலா, காற்றழுத்தம் பற்றியெல்லாம் மஸ்கி பிடிக்கிறவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவற்றைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த நீரில் எனக்கு அணையின் வெளியேற்றம்தான் முதல் கடிகாரம்.

மூன்று இடங்கள்

வரைபட மேசையில் குறித்தவற்றில் அணையின் தடைசெய்யப்பட்ட பகுதி, கப்பல் வழி, எல்லைக் கோட்டுக்கு அப்பால் நியூயார்க் உரிமம் தேவைப்படும் நீர் ஆகியவற்றைக் கழித்தோம். 8.2 மீட்டர் ஆழம் பேணப்படும் கப்பல் வழியில் 225 மீட்டர் நீளக் கப்பல்கள் போகின்றன. அவற்றின் பாதையில் சிறு படகு மிதப்பது பேதைமை. கழித்தது போக மிஞ்சியவற்றில் மூன்று வகை இடங்களைத் தேர்ந்துகொண்டோம்.

முதலாவது, ஆல்ட்ஸ்வில் பக்கத்தில் மூழ்கிய பழைய 2ஆம் எண் நெடுஞ்சாலை. மட்டம் மிகவும் இறங்கும் நாள்களில் தார்ச்சாலை கரையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒலியலையால் அடித்தளத்தைக் காட்டும் பக்கவாட்டு சோனார் கருவியில் அது நேர்கோடாக விழுந்தது. பார்க்க அழகாக இருந்த அந்தக் கோட்டில் பாஸும் மஞ்சள் பெர்ச்சும் கார்ப்பும் இருந்தன, மஸ்கி இல்லை. சாலைக்கு இரு பக்கமும் ஒரே ஆழம், ஒரே வகைத் தாவரம், ஓட்டம் சாலைக்கு இணையாகப் போனது. பெரிய மீன் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. பெரியவர் சொன்ன ஓடைப் பாலத்தின் இடத்தில் மட்டும் சாலையில் ஓர் இடைவெளி தெரிந்தது. இரு பக்கமும் தாவரம், நடுவே சுத்தமான தரை, அதன் வழியாக நீர் மெதுவாக இழுபட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இடைவெளியின் கீழ்ப்புற ஓரத்திலிருந்து ஒரு மஸ்கி எழுந்து செயற்கை இரையைப் படகு வரை தொடர்ந்து வந்து, திரும்பிப் போனது. பிறகும் அதே ஓரத்தில், வெளியேற்றம் கூடிய நாள்களில் மட்டும், தொடர்ந்து வரும் மீன்களைப் பார்த்தோம்.

இரண்டாவது, பழைய கார்ன்வால் கால்வாயின் மூழ்கிய கற்கரைகள். அங்கே கிடக்கும் 21ஆம் எண் லாக் (கப்பல்களை ஏற்றி இறக்கும் கால்வாய்க் கதவறை), முக்குளிப்பவர்களிடையே பெயர்பெற்ற இடம். ஆழம், கல், இரை மீன் எல்லாம் இருந்தும் இலையுதிர் காலம் வரை அங்கே நாங்கள் ஒரு மஸ்கியைக்கூடக் காணவில்லை. ஓட்டம் கடுமையாகவும் நேராகவும் இருக்கிறது, ஒதுங்கி நிற்கத் தாவரமும் இல்லை. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. நவம்பரில் தாவரம் முழுவதும் அழுகிய பிறகு கற்கரை வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடும் என்பதால் முற்றிலும் தள்ளிவிடவும் இல்லை.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் மையம்: பார்க்வே தீவுகளின் தெற்கு முனைகள்.

அந்தத் தீவுகள் குன்றுகளாக இருந்தவை என்றேன். ஆற்றைப் பார்க்கும் பக்கத்தில் சரிவு மளமளவென்று இறங்குகிறது. முனையைச் சுற்றி இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்தில் தாவரம் மண்டிய ஒரு திட்டு, அதன் விளிம்பிலிருந்து ஒரு வீச்சுத் தூரத்துக்குள் ஒன்பது, பத்து மீட்டர் ஆழம். முனையில் மோதும் ஓட்டம் பிரிந்து, பின்புறம் சுழன்று திரும்பி வருகிறது. தீவுகளுக்கு இடையே உள்ள பாலங்களின் அடியில் உள்குடாவின் நீரும் வந்து கலக்கிறது. எல்லா முனைகளிலும் இப்படி இல்லை. சில முனைகளில் திட்டு இருக்கிறது, ஓட்டம் தொடுவதில்லை. சிலவற்றில் ஓட்டம் தொடுகிறது, தாவரம் பிடிக்க மண் இல்லை. ஓட்டம், தாவரம், அருகில் ஆழம் மூன்றும் கூடும் முனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அவற்றைத் தண்ணீரின் மேல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் அண்ணனின் கண் உதவியது. நான் சோனார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளைத் தட்டினார்.

“தம்பி, அந்தப் பெட்டியை விடும். தண்ணீரில் போகிற குப்பையைப் பாரும்.”

பார்த்தேன். கப்பல் அலையிலும் காற்றிலும் அறுந்த தாவரத் துண்டுகள் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தன. முனையைத் தாண்டியதும் அவற்றில் ஒரு பங்கு நின்றுவிட்டது. நின்ற துண்டுகளும் ஓடும் துண்டுகளும் உரசும் இடத்தில் வெண்ணுரை படிந்து ஒரு கோடு உண்டாகியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சிறு அலைகள் கீழ்நோக்கி ஓடின, இந்தப் பக்கம் எண்ணெய் விட்டதுபோல் வழுவழுப்பாக இருந்தது. அந்தக் கோடு தாவர விளிம்பை வெட்டும் புள்ளி எது என்று கேட்டார். திரையில் பார்த்தேன்: மூன்றரை மீட்டர் ஆழம், பச்சைத் தாவரம், அதை ஒட்டி வெறும் தரை. சிரமமில்லாமல் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவருவதையெல்லாம் கவனிக்க அதைவிட நல்ல இடமில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஆளைப்போல மஸ்கி அங்கே நிற்கிறது.

அக்டோபர் நடுப்பகுதி, நீர் 13 பாகை, மூடிய வானம், தென்மேற்குக் காற்று. அணை வெளியேற்றம் அந்த வாரத்தில் கூடியிருந்தது. படகைக் கோட்டின் அமைதியான பக்கம் நிறுத்தி, ஓட்டத்துக்குள் வீசி, கோட்டைக் குறுக்கே கடந்துவரும்படி இழுத்தேன். இரட்டைத் தகடு சுழலும் பெரிய பக்டெயில் இரை. படகுக்கு இரண்டு தூண்டில் கோல் தூரத்தில் அதன் பின்னால் செம்பழுப்பாக ஒரு நிழல் எழுந்தது. வேகத்தைக் குறைக்காமல் கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, எட்டு என்ற எண்ணை வரைவதுபோல அகலமாகச் சுற்றினேன். முதல் திருப்பத்தில் மீன் வெளியே விலகியது. இரண்டாவது திருப்பத்தில் உள்ளே வெட்டி வந்து, இரையைப் பக்கவாட்டில் கவ்வியது. செவுள்கள் விரிந்து வெண்மை தெரிந்தது, அடுத்த கணம் கோல் கைப்பிடி வரை வளைந்தது.

ரப்பர் பூசிய பெரிய வலைக்குள் வந்ததும் மீனைத் தண்ணீரிலேயே வைத்திருந்தோம். அண்ணன் வலையைப் பிடித்துக்கொள்ள, கொக்கிகளில் இரண்டைக் கம்பி வெட்டும் கருவியால் துண்டித்தேன். மீதி தானே கழன்றது. மிதக்கும் அளவுகோலில் 116 சென்டிமீட்டர். தாடையைத் தண்ணீருக்குச் சற்று மேலே உயர்த்தித் துளைகளை எண்ணினேன்: இடப்பக்கம் எட்டு. வாலடியைப் பிடித்து, ஓட்டத்துக்கு எதிராக நிமிர்த்தி வைத்திருந்தேன். கைக்குள் உடல் இறுகுவது தெரிந்ததும் விட்டேன். அது அவசரப்படாமல், வந்த அதே விளிம்பை நோக்கி இறங்கியது.

கணிப்பு வேறு நீரில் நிற்கிறதா?

ஓர் இடத்தில் மீன் கிடைத்தால் அது ஓர் இடம்தான். பெரிய ஆற்றைப் படிக்கும் முறை கிடைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், போயே இராத நீரில் அதே அடையாளங்களை வைத்துத் தேட வேண்டும். தீவுகளை விட்டுவிட்டு மாரிஸ்பர்க் பக்கம் ஏறினோம். அங்கே ஏரி குறுகி ஆறாகவே ஓடுகிறது, குன்று–தீவு அமைப்பும் இல்லை. பழைய வரைபடத்தில் ஓடை வாய்கள், இன்றைய படத்தில் தாவர விளிம்பு, இரண்டும் ஓட்டத்தைச் சந்திக்கும் இடங்கள் என்று சிலவற்றை வீட்டிலேயே குறித்து வைத்துக்கொண்டுதான் படகை இறக்கினோம். அங்கே போய்ப் பார்த்துவிட்டு இடத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

குறித்தவற்றில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீராகவே இருந்தன. ஓடை வாய் மண் மூடிப் போயிருந்தது, அல்லது தாவரம் அந்த ஆண்டு பழுப்பேறி அழுகத் தொடங்கியிருந்தது. மஸ்கி அழுகும் தாவரத்தை விட்டு விலகிவிடுகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிந்தது. இலையுதிர் காலத்தில் பச்சையாக மிஞ்சியிருக்கும் சிறு திட்டுகளுக்குத்தான் மதிப்பு. எஞ்சியவற்றில் ஒரு ஓடை வாயில் மீன் தொடர்ந்து வந்தது, இன்னொன்றில் தாக்கியது. இரண்டும் நுரைக்கோடு தாவரத்தை வெட்டிய புள்ளியின் அருகில் நடந்தவை.

இவ்வளவு சான்று போதுமா? அறிவியல் ஆய்வுக்குப் போதாது. இரண்டு தூண்டில்காரர்கள் பார்த்தது மீன்தொகையைப் பற்றி எதையும் நிறுவாது. கோடை நடுப்பகுதி பற்றியும் என்னால் அதிகம் சொல்ல முடியாது. ஆகஸ்டில் குடாக்களின் மேற்பரப்பு வெப்பம் 26, 27 பாகையை நெருங்கும் நாள்களில் நாங்கள் கோலைத் தொடவே இல்லை. அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த மஸ்கி நீந்திப் போவதுபோல் போய், பிறகு இறந்துவிடக்கூடும். ஆனால் தேடுகிறவருக்கு இந்த ஆய்வு ஒன்றைத் தருகிறது: நாற்பது கிலோமீட்டர் நீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வீசாமலே கழித்துவிடலாம். மஸ்கி தேடலில் உழைப்பின் பெரும்பகுதி கழிப்பதற்கே ஆக வேண்டும். மூழ்கிய சாலையோ கற்கரையோ எவ்வளவு கண்ணைக் கவர்ந்தாலும், ஓட்டத்தின் ஓரமும் பச்சைத் தாவரமும் அருகில் ஆழமும் ஒன்றாகக் கூடாத இடத்தில் நேரம் செலவிடக் கூடாது.

இடத்தைச் சொல்வதும் சொல்லாததும்

எந்தத் தீவு, எந்த ஓடை என்று இங்கே எழுதவில்லை. மறைத்து வைத்து நான் மட்டும் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமில்லை. 2005இல் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆயிரம் தீவுகளில் பெரிய மஸ்கிகள் செத்து மிதந்தன. விஎச்எஸ் என்ற வைரஸ் நோய். பல ஆண்டுகள் வளர்ந்த தாய் மீன்கள் அவை, அந்த இழப்பிலிருந்து ஆறு எளிதில் மீளவில்லை. பிறகு உருண்டைக் கோபி என்ற அந்நிய மீன் பெருகி ஆற்றடியை நிறைத்துவிட்டது. இப்படி அடிபட்ட மீன்கூட்டத்தின் ஒரு சிறு பிரிவு ஒரே முனையில் கூடும்போது, அந்த முனையின் இருப்பிடத்தை எல்லோருக்கும் அறிவிப்பது அதைத் துன்புறுத்துவதற்குச் சமம். முறையைச் சொல்லலாம். அதைக் கற்று, ஆற்றைத் தானே படித்துக் கண்டுபிடிக்கிறவர் அந்த மீனைக் கவனமாகக் கையாளவும் கற்றிருப்பார் என்று நம்புகிறேன்.

சட்டமும் இதே பக்கம் சாய்கிறது. ஒன்டாரியோவின் இந்தப் பகுதியில் 137 சென்டிமீட்டருக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. பருவம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை திறந்து டிசம்பர் 15இல் மூடுகிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் மாகாண அரசின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். 1987 முதல் கிளேட்டனில் ‘சேவ் த ரிவர்’ அமைப்பு மஸ்கியை உயிரோடு விடுகிறவர்களை ஊக்குவித்து வருகிறது. அந்தப் பழக்கம் இன்று ஆறு முழுவதும் பரவியிருக்கிறது, என் அனுபவத்தில் கீழ்ப்பகுதியிலும்தான்.

கருவிகளைப் பற்றி ஒன்று மட்டும். 80 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நூல், தடித்த லீடர் (மீனின் பல் நூலை அறுக்காமல் இரைக்கு முன் கட்டும் துண்டு), பெரிய வலை, நீண்ட மூக்குக் குறடு, கொக்கியைத் துண்டிக்கும் கருவி ஆகியவை இல்லாமல் மஸ்கி இருக்கக்கூடிய நீரில் வேண்டுமென்றே வீசுவது சரியல்ல. மெல்லிய நூலில் நீண்ட நேரம் போராட வைப்பதை வீரம் என்று சிலர் பேசுகிறார்கள். மீனுக்கு அது மரணம்.

மிச்ச வேலை நிறைய இருக்கிறது. மே இறுதியில், கோல் எதுவும் எடுக்காமல், துடுப்புப் படகில் உள்குடாக்களைச் சுற்றி எங்கே மஸ்கிகள் இணையாக நீந்துகின்றன என்று பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் கண்ட முனைகள் அந்தக் குடாக்களிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பது தெரிந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள வழியும் ஓரளவு தெரியும். இரோக்வா அணைக்கு நேர் கீழே உள்ள வேக நீரை நாங்கள் இன்னும் தொடவில்லை. பழைய வரைபடத்தில் அங்கே நீல மையில் குறிக்க இரண்டு ஓடைகள் இருக்கின்றன, அண்ணன் அவற்றை ஏற்கெனவே குறித்துவிட்டார்.